அருங்காட்சியகம் என்றாலே அழும் மகன்

கேள்வி: சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள சுவான்சோ நகரில் வசிக்கிறோம். கணவருக்கு கிரானைட் வியாபாரம். பத்து வயது மகன் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கிறான். 1281-ல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் இது. ‘நம்மவர்கள் வாழ்ந்த ஊர்’ என்ற பெருமை அவனுக்கும் வரட்டுமே என்று விடுமுறைதோறும், பழைய இந்துச் சிற்பத் தூண்கள் உள்ள கையுவான் பௌத்தக் கோயிலுக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப்போவேன். சில மாதங்களாக வர மறுக்கிறான், வற்புறுத்தினால் அழுகிறான். தமிழில் கேட்டால் சீனத்தில் பதில் சொல்கிறான். ‘எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். என்ன செய்யட்டும்?

*– பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பத்து வயதில் ஒரு பிள்ளையின் பெருங்கவலை, கூட்டாளிகள் தன்னையும் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான். ‘நம்மவர்கள் கட்டியது’ என்று நீங்கள் காட்டும்போதெல்லாம், ‘நீ இவர்களில் ஒருவன் இல்லை’ என்பதும் அவன் காதில் விழுகிறது. அது போதாதென்று, எழுநூறு வருஷத்துப் பெருமையையும் அவன் சுமக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கையுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் நரசிம்மர் செதுக்கிய தூணைப் பார்க்கும்போது மனசு நிறைவது யாருக்கு? சொந்த ஊரை விட்டு வந்த உங்களுக்குத்தான். அந்த ஆறுதல் உங்களுக்கு வேண்டியதுதான். தனியாகவோ கணவரோடோ போய், ஆசைதீரப் பார்த்துவிட்டு வாருங்கள். மகனுக்கு இரண்டு மாதம் அருங்காட்சியகமே வேண்டாம்.

அதற்குள் ஊர் அவன் காலிலும் நாக்கிலும் பழகட்டும். காலையில் மியான்சியென்ஹூ கடைக்குப் போங்கள். கஞ்சிபோல் குழைந்த அந்த மெல்லிய சேமியாவில் சிப்பி போடுவதா, முட்டை போடுவதா என்று அவனே சொல்லி வாங்கட்டும். பள்ளியில் பொதுச்சீனம்தான், ஆனால் சந்துகளில் பெரியவர்கள் பேசுவது மின்னான் என்னும் வட்டார மொழி. வாரம் ஒரு மின்னான் வாக்கியத்தை அவனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தடுமாற, அவன் திருத்தட்டும். அம்மாவுக்குச் சொல்லித்தருகிற பிள்ளை சீக்கிரமே நிமிர்ந்துவிடும்.

கடல் முகத்துவாரத்தில் உள்ள பழைய கல்பாலமான லோயாங் பாலத்துக்கு ஒரு வகுப்புத் தோழனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடல் வற்றும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறியிருந்தால் அடித்தளம் தெரியாது. 1053 முதல் 1059 வரை அதைக் கட்டியவர்கள், கற்களை இறுக்கிப் பிடிக்கவென்று அடித்தளத்தில் சிப்பிகளை வளர்த்தார்கள். இதை அந்தத் தோழனுக்கு உங்கள் மகன் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

பிறகு கையுவானுக்கு ஒருநாள், இருபதே நிமிஷம், ஒரே பொருள். மேற்குக் கோபுரத்தின் நான்காம் அடுக்கில் வாளோடு நிற்கும் ஒரு குரங்கு உருவம் இருக்கிறது. சுன் வூகோங் என்னும் குரங்கு ராஜா கதை அங்கே பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கையில் பைனாகுலரைக் கொடுத்து அவனையே தேடச் சொல்லுங்கள். ‘நம்ம அனுமார் மாதிரி’ என்ற பேச்சு அவனாகக் கேட்டால் மட்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது வீடு திரும்பும் வழியில்தான்: ‘எந்த நூற்றாண்டு? எத்தனை அடி?’ என்று கேள்வி கேட்டால், உல்லாசப் பயணம் பரீட்சையாகிவிடும்.

அவன் சீனத்தில் பதில் சொன்னால் திருத்த வேண்டாம்; நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். தினமும் அரை மணி நேரம் தமிழில் பேச்சு, அதில் வீட்டுப்பாடம் வரவே கூடாது. தெருவில், நண்பர்கள் முன்னால் தமிழ் பேசச் சொல்லாதீர்கள்.

‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குத் தயார் பதில் ஒன்று வேண்டும். ‘அம்மா அப்பாவுக்குத் தமிழ்நாடு. நான் வளர்வது சுவான்சோவில்.’ இதைச் சீனத்தில் அவன் வாயாலேயே அமைக்கட்டும். நீங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவாக நடித்து, நாலைந்து தடவை கேளுங்கள். பதில் கையில் இருந்தால் தலை குனிய வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பான்சூரெனை, அதாவது வகுப்பாசிரியரை, தனியாகச் சந்தித்து, மதியச் சாப்பாட்டின்போது அவன் யாரோடு உட்காருகிறான், இடைவேளையில் யாராவது நிறத்தையோ பெயரையோ சொல்லிக் கேலி செய்கிறார்களா என்று விசாரியுங்கள். ‘எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்டால் மதிப்பெண் மட்டுமே பதிலாக வரும். பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி, தூக்கத்தில் விழிப்பு, பள்ளிக்கே போக மறுப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். தமிழில் பேசக்கூடியவர் ஆன்லைனில் கிடைத்தாலும் போதும். ஆனால் எந்த மொழியில் பேசுவது என்பதை மகனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.