கன்னச் செல்லில் கெரட்டின் 10 வராதது ஏன்

தட்டில் வளர்த்த கன்ன உட்புறச் செல்கள் முதிர்ந்தனவா என்று அறிய, செல்லுக்கு உறுதி தரும் கெரட்டின் புரதங்களில் 10-ஐத் தேடியிருக்கிறீர்கள். தேட வேண்டியது கெரட்டின் 13; கூடவே 4. கேஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் சேர்த்தும் கெரட்டின் 10 தெரியவில்லை என்கிறீர்கள், ஆனால் அது ஈறுக்கும் மேலண்ணத்துக்கும் உரியது, கன்னத்தின் உட்புறத்துக்கு அல்ல.

இன்னொன்று, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (இணைப்புத் திசுச் செல்கள்) சுரக்கும் கேஜிஎஃப் முக்கியமாகச் செல்களைப் பெருக வைக்கும். முதிர்வதற்குக் கால்சியம் வேண்டும். செல்களை வளர்க்கும் உங்கள் ஊடகத்தில் அது குறைவாக இருக்கலாம்.

செல்கள் நிரம்பிய இரண்டு தட்டுகளை எடுங்கள். கேஜிஎஃப் இரண்டிலும் ஒரே அளவு. கால்சியம் ஒன்றில் 0.09 மில்லிமோலார், மற்றதில் 1.2. ஓரிரு நாளில் இரண்டாவதில் செல்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மூடி, அவை தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முதிர்ச்சியைக் காட்டும் புரதமான இன்வாலுக்ரினுக்கும் சாயமிட்டுப் பாருங்கள்.

சீரம் (இரத்தத் தெளிநீர்) சேர்த்தால் இந்த ஒப்பீடே குழம்பிவிடும், அதிலேயே கால்சியம் உண்டு. உங்கள் செல்கள் புற்றிலிருந்து வளர்த்த வரிசை என்றால் கெரட்டின் 13-ம் வராமல் போகலாம்.