அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி ஒலியை இடைவிடாமல் அனுப்பாமல், விட்டு விட்டு அனுப்புவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக்கல் மலை இருந்தது. அதை நோக்கிச் சுருக்கமாகக் கூவிவிட்டு வாயை மூடிக்கொண்டால் எதிரொலி தெளிவாகத் திரும்பும். நீட்டிக் கூவினால் அது நம் குரலுக்குள்ளேயே அமுங்கிவிடும். உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

உறுப்பு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைக் கருவி நேரத்தைக் கொண்டு மட்டுமே கணிக்கிறது. மென்திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் செல்வதாக அது எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோவினாடி ஆகும். 65 மைக்ரோவினாடியில் வந்த எதிரொலி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புள்ளியாக விழும். இடைவிடாமல் ஒலித்தால், இப்போது திரும்பியது எப்போது புறப்பட்டது என்றே தெரியாது. தொடர் ஒலியைப் பயன்படுத்தும் டாப்ளர் முறையும் உண்டு. இரத்தம் ஓடும் வேகத்தை அது சொல்லும், எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்லாது.

விட்டு விட்டு அனுப்பும் ஒவ்வொரு ஒலித் துடிப்பும் குறுகியதாகவும் இருக்க வேண்டும். விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கு எடுப்பதற்கு, அடிக்கும் மணி, அடித்த பிறகும் வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். கையை வைத்து அழுத்தினால் உடனே அடங்கும். உடலின்மேல் வைக்கும் கருவிப் பகுதியான புரோப்பினுள் இருக்கும் படிகமும் மின்தூண்டலில் அப்படித்தான் அதிர்கிறது. அதன் முதுகில் ஒட்டியுள்ள தணிப்புப் பொருள் அந்தக் கையின் வேலையைச் செய்து, இரண்டு மூன்று அலைகளோடு அதிர்வை நிறுத்துகிறது. 5 மெகாஹெர்ட்ஸில் (வினாடிக்கு 50 லட்சம் அதிர்வுகள்) ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், மூன்று அலைகள் சேர்ந்த துடிப்பு 0.9 மில்லிமீட்டர். ஒன்றன்பின் ஒன்றாக உள்ள இரு பரப்புகளுக்கு இடையே அதில் பாதிகூட இல்லையென்றால், இரண்டும் திரையில் ஒன்றாகவே தெரியும்.

அதிர்வெண் உயர்ந்தால் அலை குறுகும்; அப்படியானால் அதிர்வெண்ணை உயர்த்திக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஆனால் திசு, ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ 0.5 டெசிபல் ஒலியைத் தின்றுவிடுகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 10 சென்டிமீட்டர் போய்த் திரும்புவதற்குள் 50 டெசிபல் குறைகிறது, அதாவது செறிவு லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் தைராய்டுக்கு உயர்ந்த அதிர்வெண்ணும் வயிற்றுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணும் தேர்ந்தெடுக்கிறோம். தாமதமாக வரும் எதிரொலிகளைக் கருவி கூடுதலாகப் பெருக்கிக்கொள்கிறது.

இடைவெளி ஏன் அவ்வளவு நீளம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலே சொன்ன துடிப்பு 0.6 மைக்ரோவினாடியில் முடிந்துவிடுகிறது. 15 சென்டிமீட்டர் ஆழம்வரை கேட்டு முடிக்கவோ 195 மைக்ரோவினாடி வேண்டும். ஒலிப்பதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேலான நேரம் கருவி கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் முழுவதும் வயிற்றுக்குள் ஒலி பாய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்து வரும் கர்ப்பிணிகளிடம் நான் இதைத்தான் முதலில் விளக்குவேன். காத்திராமல் அடுத்த துடிப்பை அனுப்பினால், ஆழத்திலிருந்து தாமதமாக வரும் பழைய எதிரொலி, புதிய துடிப்பின் மேலோட்டமான எதிரொலியாகத் தவறான இடத்தில் பதிந்துவிடும்.

ஒவ்வொரு துடிப்பும் படத்தில் ஒரு கோட்டைத் தருகிறது. ஒரு படத்துக்கு 128 கோடுகள் என்றால் 25 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு 40 படங்கள்; ஆழத்தை இரட்டித்தால் 20 மட்டுமே. வேகமாகத் துடிக்கும் கருவின் இதயத்தைப் பார்க்கும்போது திரையின் ஆழத்தை நான் முதலில் குறைத்துக்கொள்வது அதற்காகவே.