அமெரிக்காவில் டிப்ஸ்: யாருக்கு, எங்கே, எவ்வளவு?

நியூஜெர்சிக்கு வந்து பல வருடமாகிறது. அப்பா அம்மாவை அழைத்து வந்த ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு மேசையில் தவறாமல் நடக்கும் சண்டை இந்த டிப்ஸ்தான். அதனால் இதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி எனக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

மகள் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறோம். பில்லில் போட்ட காசைக் கொடுத்தால் போதாதா? 18 சதவீதம் எல்லாம் எதற்கு?

அம்மா, நம்ம ஊரில் டிப்ஸ் என்பது மனம் குளிர்ந்து கொடுப்பது. இங்கே அது சர்வரின் சம்பளத்தில் ஒரு பாகம். மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியைத் தொடாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். பல மாநிலங்களில் இதைவிட அதிகம் தருகிறார்கள். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் முழுக் குறைந்தபட்சக் கூலியே உண்டு. அதற்காக அங்கே யாரும் டிப்ஸ் வேண்டாம் என்று சொல்வதில்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் என்றால் 15-லிருந்து 20 சதவீதம். நான் 18 போடுவேன். இங்கே நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் நம்ம ஊர் தோசை சாப்பிட்டாலும் இதே கணக்குதான்.

கார்டில் கட்டினால் டிப்ஸை எப்படிச் சேர்ப்பது?

நியூயார்க்கில் இரண்டு பேர் 60 டாலருக்குச் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி 8.875 சதவீதம், அதாவது 5.33. சர்வர் கார்டை வாங்கிப் போய் 65.33-க்குத் தேய்த்துவிட்டு, சின்ன அட்டைக்குள் இரண்டு சீட்டும் ஒரு பேனாவும் வைத்துக் கொண்டுவருவார். சீட்டின் கீழே ‘டிப்’, ‘டோட்டல்’ என்று இரண்டு வெற்றுக் கோடுகள் இருக்கும். டிப்ஸை வரிக்கு முந்தைய 60-க்குக் கணக்குப் போட்டால் போதும். முதல் கோட்டில் 10.80, இரண்டாவதில் 76.13, அடியில் கையெழுத்து. ஒரு சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வரலாம். போனில் முதலில் 65.33 என்று வந்து, பிறகு 76.13 என்று மாறினால் பதற வேண்டாம்.

மனக்கணக்கு வராதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: நியூயார்க்கில் வரியை இரண்டால் பெருக்குங்கள். 10.66 வருகிறதா? முடிந்தது. வரி குறைவான ஊரில் இது செல்லாது.

எட்டுப் பேர் போனோம். பில்லிலேயே 18 சதவீதம் சேர்த்திருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் மேலும் 20 போட்டுவிட்டேன்!

எனக்கும் நடந்திருக்கிறது, சார். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் அவர்களே சேர்த்துவிடுவார்கள். பில்லில் ‘கிராஜுவிட்டி’ என்று தனியாகப் போட்டிருக்கும், டிப்ஸுக்கு இன்னொரு பெயர்தான் அது. சில ஓட்டல்களில் நாலு பேருக்கே உண்டு. அப்படிப் போட்டிருந்தால் டிப் கோட்டில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இருந்தால் மட்டும், அது ஊழியருக்குப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காபி வாங்கினேன். திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டி, அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்ன செய்ய?

‘நோ டிப்’ என்பதை அமுக்குங்கள், தம்பி. நீங்களே நின்று வாங்கி நீங்களே தூக்கிப் போவதற்கும் பார்சலுக்கும் கட்டாயம் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்தத் திரை மேல் எரிச்சல்தான். அடிக்கடி போகும் கடையென்றால் நான் ஒரு டாலர் போடுவேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஏர்போர்ட்டில் வீல்சேர் சொல்லியிருக்கிறோம். தள்ளிக்கொண்டு வருபவருக்கு?

வீல்சேருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தள்ளுபவருக்கு 5 டாலர் கொடுப்பது வழக்கம். இமிகிரேஷன் வரிசை, பெட்டி எடுப்பது, வாசல் வரை கொண்டுவிடுவது என்று எல்லாம் அவரே பார்த்தால் 10 கொடுங்கள். கிளம்பும்போதே சில்லறை நோட்டுகளை அம்மாவின் கைப்பையில் போட்டு அனுப்புங்கள். நூறு டாலர் நோட்டு மட்டும் வைத்துக்கொண்டு என் அம்மா திருதிருவென்று விழித்த கதை எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது.

ஹோட்டல் அறை, டாக்சி?

அறை சுத்தம் செய்பவருக்கு ஓர் இரவுக்கு 2-லிருந்து 5 டாலர். தினமும் காலையில் ‘தேங்க் யூ’ என்று ஒரு துண்டுச் சீட்டோடு வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால், நாலு நாளாகச் சுத்தம் செய்தவருக்கு அன்று விடுமுறையாக இருக்கலாம். பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர். டாக்சிக்கு 15 சதவீதம்.

சர்வர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கொடுக்காமல் வந்தால் தப்பா?

சட்டப்படி தப்பில்லை. ஆனால் சாப்பாடு தாமதமானால் அது பெரும்பாலும் சமையலறையின் கோளாறு. நிஜமாகவே அலட்சியமாக நடந்திருந்தால் 10 சதவீதம் வைத்துவிட்டு மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

தபால்காரர், போலீஸ்காரர்?

ஐயோ, போலீஸ்காரரிடம் நோட்டை நீட்டிவிடாதீர்கள், லஞ்ச வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்! ஏர்போர்ட் சோதனை அதிகாரிகளும் அப்படித்தான். தபால்காரர் ரொக்கம் வாங்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு 20 டாலருக்குள் ஏதாவது பொருளாகக் கொடுக்கலாம். எங்கள் தெருவுக்கு வருபவருக்கு அம்மா முறுக்கு டப்பா கொடுத்தாள். மறுநாள் அவர் கேட்டது: “இன்னும் இருக்கிறதா?”