கலாபகோஸ் தீவுகளைச் சிறு கப்பலில் சுற்றிப் பார்ப்பது செலவுக்குத் தகுமா? ஊரில் தங்கிப் பகல் படகுகளில் போனால் போதாதா?

கேள்வி கேட்டவர் இத்துடன் கடற்கரைகள் எப்படி இருக்கும், எந்த மாதம் போகலாம் என்றும் கேட்டிருக்கிறார். நானும் என் மனைவியும் 2023 நவம்பரில் பதினாறு பயணிகள் மட்டுமே தங்கக்கூடிய ஒரு கப்பலில் எட்டு நாட்கள் அந்தத் தீவுகளைச் சுற்றினோம். என் பதில் அந்த ஒரு பயணத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சார்ந்தது.

சுருக்கமாகச் சொன்னால், ஆள் குடியிருப்பு இல்லாத தொலைத் தீவுகளையும் அங்குள்ள உயிரினங்களையும் பார்க்க வேண்டும் என்பதே உங்கள் நோக்கம் என்றால் கப்பலுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. கடற்கரையில் படுத்துக் கிடக்கவும் குளிக்கவும் விரும்பினால் ஊரில் அறை எடுத்துத் தங்குங்கள். அதற்கு மட்டும்தான் என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், மாலத்தீவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் எரிமலைத் தீவுக்கூட்டம் இது. 1835இல் டார்வின் ஐந்து வாரங்கள் தங்கிய இடம் என்பதால் பலரும் பெயரளவில் அறிந்திருப்பார்கள். 1959இல் ஈக்வடார் அரசு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்காவுக்குச் சொந்தம். மீதியுள்ள சிறு பகுதியில்தான் ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. இந்த விகிதத்தைப் புரிந்துகொண்டால் கப்பல் எதற்கு என்பது பாதி புரிந்துவிடும். ஊர்கள் இருப்பது நான்கே தீவுகளில். அங்கிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகு எவ்வளவு தூரம் போக முடியுமோ அதுதான் உங்கள் எல்லை. அவற்றில் ஒன்றான சான்டா குரூஸில் தங்கினால் வடக்கு சீமோர், பார்த்தொலொமே போன்ற தீவுகளைப் பகலிலேயே பார்த்துவிடலாம், அவையும் அருமையான இடங்கள்தான். ஆனால் வடகிழக்கு மூலையிலுள்ள ஜெனோவேசாவும் மேற்குக் கோடியிலுள்ள ஃபெர்னான்டினாவும் இரவில் பயணம் செய்து விடியலில் சேருகிறவர்களுக்கே உரியவை என்று சொல்லலாம்.

கப்பல் சிறியதாக இருப்பதைக் கப்பல்காரர்கள் தங்கள் பெருந்தன்மையாகக் காட்டிக்கொள்வார்கள். உண்மையில் அது பூங்காவின் விதி. நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு இங்கே தீவுதீவாகச் சுற்ற அனுமதி இல்லை. கரையில் இறங்கும்போது ஓர் உரிமம் பெற்ற வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது. ஆகையால்தான் பதினாறு பேர் கொள்ளும் கப்பல்கள் அங்கே அத்தனை இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ யாரும் கரையில் இருக்க முடியாது, விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு: ஒரு கப்பல் ஓர் இடத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் இரண்டாம் முறை போகக் கூடாது. இதனால் பெரும்பாலான கப்பல்கள் ஒரு வாரம் ஒரு வழியிலும் அடுத்த வாரம் வேறு வழியிலும் போகின்றன. எந்தக் கப்பல் என்பதைவிட எந்த வாரம், எந்த வழி என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதை நாங்கள் தாமதமாகவே கற்றோம். என் மனைவிக்கு அலை அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உலகில் அது கூடு கட்டுவது ஏறத்தாழ முழுவதும் தென்கிழக்கிலுள்ள எஸ்பானியோலா என்ற ஒரே தீவில். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அங்கே இருக்கும். நாங்கள் மாதத்தைச் சரியாகப் பார்த்தோம், கப்பலின் படங்களைப் பார்த்தோம், வழியைப் பார்க்கவில்லை. பணம் கட்டிய பிறகுதான் எங்கள் வாரம் வடக்கும் மேற்கும் போகும் வாரம் என்று தெரிந்தது. நவம்பரில் அந்தப் பறவைகள் தம் தீவில் இருந்தன. நாங்கள்தான் அங்கே இல்லை.

முதல் இரவுப் பயணம் ஜெனோவேசாவுக்கு. நான் தூத்துக்குடிக்காரன், கடல் எனக்கு ஒன்றும் புதிதல்ல என்ற இறுமாப்பில் மாத்திரை போட்டுக்கொள்ளாமல் படுத்தேன். நள்ளிரவில் நிலநடுக்கோட்டைக் கடந்ததாக மறுநாள் சொன்னார்கள். நான் அப்போது கழிவறையில் இருந்தேன். கடலைப் பார்த்து வளர்வது வேறு, அதன்மேல் தூங்குவது வேறு. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, படுப்பதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. கீழ்த்தளத்து நடு அறைகளில் ஆட்டம் குறைவு, ஆனால் எஞ்சின் சத்தமும் டீசல் வாடையும் கூடுதல். கடல் தெரியும் அறை என்று எங்களுக்கு விற்ற முகவர், அந்தக் கடல் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டச் சன்னலில் அலை எழும்போது மட்டும் தெரியும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆனால் அந்த இரவுக்குப் பின் வந்த காலைதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. இடிந்து உட்கார்ந்த எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உண்டான விரிகுடாவில் கப்பல் நின்றது. பாங்கா என்று அவர்கள் அழைக்கும் ரப்பர்ப் படகில் கரைக்குப் போய், பிரித்தானிய இளவரசர் பிலிப்பின் பெயரிட்ட செங்குத்தான படிகளில் ஏறினால் மேலே ஒரு எரிமலைக்குழம்புச் சமவெளி. மரக்கிளைகளில் செங்கால் பூபி என்ற கடற்பறவைகள் கூடு கட்டியிருந்தன. வாத்துப் போன்ற சவ்வுக் காலை வைத்துக்கொண்டு அவை கிளையைப் பிடித்து நிற்பதே வேடிக்கை. அதற்கும் அப்பால் பாறை வெடிப்புகளின் மேல் சிறு புயல் பெட்ரல் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சுழன்றன. எங்கள் வழிகாட்டி, சான் கிறிஸ்டோபல் தீவில் பிறந்து வளர்ந்த பெண்மணி, எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பேசாமல் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பின், நான் பாறை என்று நினைத்திருந்த ஒன்று தலையைத் திருப்பியது. குட்டைக்காது ஆந்தை அது. பருந்து அந்தத் தீவில் இல்லாததால் அது அங்கே பட்டப்பகலில், வெடிப்பின் ஓரத்தில் நின்று, கூட்டுக்குள் நுழையும் பெட்ரலைப் பிடிக்கிறது. நாங்கள் பார்த்தபோது இரண்டு முறை தவறவிட்டது. பகல் படகில் வந்து, ஊர் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே நடக்கிறவருக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது. கப்பலில் நீங்கள் வாங்குவது அந்த நேரத்தைத்தான். மெத்தையையும் சாப்பாட்டையும் அல்ல.

மேற்கில் கடல் வேறு விதமானது. நிலநடுக்கோட்டின் மேலேயே இருந்தும் தண்ணீர் குளிர்ந்திருந்தது. மேற்கிலிருந்து ஆழத்தில் வரும் ஒரு குளிர்நீரோட்டம் இசபெலா, ஃபெர்னான்டினா தீவுகளின் அடிச்சரிவில் மோதி மேலே எழுவதுதான் காரணம். அது கொண்டுவரும் சத்துகளால் பாசியும் மீனும் பெருகுகின்றன. அந்த மீனை நம்பித்தான் வெப்பமண்டலத்தில் ஒரு பென்குயின் இனம் வாழ்கிறது. இசபெலாவின் விசென்டே ரோக்கா முனையில் ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு இறங்கியபோது, உடலை ஒட்டிய ரப்பர் உடை போட்டிருந்தும் எனக்குப் பல் கிட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் பச்சை ஆமைகள் பாறைப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தன, ஒரு பென்குயின் அம்புபோல் குறுக்கே போனது. நீச்சல் தெரியாதவர்கள் படகிலிருந்தே பார்க்கலாம். என் மனைவி அப்படித்தான் பார்த்தார், என்னைவிட அதிகப் பென்குயின்களையும் பார்த்தார்.

ஃபெர்னான்டினாவில் இறங்குவதற்கு முன் எங்கள் செருப்புகளையும் கால்களையும் இன்னும் கவனமாகக் கழுவச் சொன்னார்கள், வேறு தீவின் மணலோ விதையோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று. மனிதர் கொண்டுவந்த எலி, ஆடு, பூனை எதுவும் நிலைபெறாத பெரிய தீவு அது. கறுத்து இறுகிய எரிமலைக்குழம்பின் மேல் நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடலில் இரை தேடும் பல்லி இனம் உலகில் இது ஒன்றுதான். உடலில் சேரும் உப்பை மூக்கு வழியே பீய்ச்சி வெளியேற்றுவதால் ஒரு சளி பிடித்த வகுப்பறை போல எங்கும் தும்மல் ஒலி. எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடேறிப் பாசி குறையும்போது இவற்றின் உடல் நீளமே குறைகிறது, பின் பாசி பெருகியதும் மீண்டும் வளர்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அருகிலேயே பறக்க மறந்த நீர்க்காகம் ஒன்று கடலிலிருந்து ஏறி, பறக்க உதவாத குட்டைச் சிறகுகளைப் பழக்கம் விடாமல் விரித்து வெயிலில் காயவைத்தது. 1906க்குப் பின் யாரும் பார்க்காததால் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்தத் தீவின் ராட்சத ஆமை இனத்தில் ஒரு பெண் ஆமை 2019இல் இங்கேதான் கிடைத்தது.

இசபெலாவின் உர்பினா விரிகுடாவைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 1954இல் அங்கே கடலடி பல மீட்டர் உயரத்துக்குத் திடீரெனத் தூக்கப்பட்டது. அன்று கடலுக்குள் இருந்த பவளத்திட்டின் மிச்சங்களை இன்று கரையில், புதர்களுக்கிடையே நடந்துபோய்ப் பார்க்கலாம்.

இனிக் கடற்கரை. ராபிடாவில் இரும்புச்சத்து துருவேறிய செம்மணல், சான்டியாகோவில் கறுப்பு மணல், சான்டா குரூஸின் பாச்சாஸ் கரையில் மாவு போன்ற வெண்மணல். படம் எடுக்க இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நிழல் கிடையாது, தென்னை கிடையாது, சாய்வு நாற்காலியும் இளநீரும் கிடையாது. மணலின் நல்ல பாகமெல்லாம் கடல்சிங்கங்கள் வசம் இருக்கிறது; அவை நமக்காக நகர்வதில்லை, நாம்தான் இரண்டு மீட்டர் விலகிச் சுற்றிப் போக வேண்டும். ஆமைகள் முட்டையிடும் பள்ளங்கள் இருக்கும் பக்கம் கால் வைக்கவே விடமாட்டார்கள். ஓரிரு மணி நேரத்தில் வழிகாட்டி எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆற அமரக் கடற்கரையில் இருக்க ஆசைப்படுகிறவர்கள் சான்டா குரூஸின் புவெர்ட்டோ அயோரா ஊரில் தங்கி, அங்கிருந்து கள்ளிக்காட்டுப் பாதையில் நடந்து போகக்கூடிய டார்ட்டுகா விரிகுடாவில் ஒரு நாளைக் கழிக்கலாம். அலை அடங்கிய பகுதியில் குளிக்கவும் முடியும்.

செலவு: எங்களுக்குக் கடைசி நேரத் தள்ளுபடியில் ஆளுக்கு நாலாயிரம் டாலருக்குச் சற்று மேல் ஆனது, விமானச் செலவு தனி. பூங்கா நுழைவுக் கட்டணம் அப்போது நூறு டாலர். 2024 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டவர்களுக்கு அது 200 டாலர். ஈக்வடாரில் புழங்குவதே அமெரிக்க டாலர் என்பதால் மாற்றும் தொல்லை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பே எழுதிச் சொல்லிவிட்டால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோறு, பருப்பு வகைக் குழம்பு, நசுக்கிப் பொரித்த வாழைக்காய் ஆகியவை அங்கே அன்றாட உணவு. நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை என்ன செய்வது என்று விமான நிலையச் சோதனையில் அவர்களுக்கே சற்றுக் குழப்பம். விதையும் பழமும் தீவுக்குள் போகக் கூடாது என்பதால் நாங்களே கொடுத்துவிட்டோம்.

மாதம்: டிசம்பரிலிருந்து மே வரை வெயிலும் இடையிடையே மழையும், கடல் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும். ஜூனிலிருந்து நவம்பர் வரை மூடுபனித் தூறல், குளிர்ந்த நீர், ஆட்டமான கடல், ஆனால் இரை மிகுதி என்பதால் கடற்பறவைகளின் சுறுசுறுப்பும் அப்போதுதான். குழந்தைகளோடு போகிறவர்களும் வயிறு கெட்டியில்லாதவர்களும் முதல் பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பருவம் முடியும் தறுவாயில், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, கடலும் அமைதியாக இருக்கும், அல்பட்ராஸும் வந்திருக்கும். என் மனைவி இப்போது எஸ்பானியோலா போகும் கப்பல்களின் மே மாத அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் மாத்திரையின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.