கால் மணி நேர வேலைக்குக் கோடியா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஆட்டம் முடியும் நேரத்தில் ‘குளோசர்’ என்று ஒருவர் வருகிறார். பதினைந்து பந்து வீசுகிறார், கைகுலுக்குகிறார், போய்விடுகிறார். இதற்குக் கோடிக்கணக்கில் சம்பளமா? உழைத்தவன் ஒருத்தன், கூலி இன்னொருத்தனுக்கா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கணக்குப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். நியூயார்க் யாங்கீஸ் அணி தன் குளோசர் மரியானோ ரிவேராவுக்கு 2008 முதல் மூன்று ஆண்டுக்குக் கொடுத்தது 4.5 கோடி டாலர். அவரோ ஆண்டுக்கு எழுபது இன்னிங்ஸ் வீசினால் அதிகம் (கிரிக்கெட் மாதிரி இல்லை, மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது; ஓர் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது).

ஆனால் நீங்கள் டிவியில் பார்த்தது பாதி வேலை. மீதி, மைதானத்து ஓரம் வேலி போட்ட ‘புல்பென்’னில், அதாவது வீச்சாளர்கள் கையைச் சூடேற்றும் இடத்தில் நடக்கிறது. அங்கே ஒரு போன் உண்டு. மணி அடித்தால் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வீசத் தொடங்க வேண்டும். கை சூடேறிய நேரத்தில் நம் அணி நாலு ரன் கூடுதலாக அடித்துவிட்டால், “வேண்டாம், உட்கார்” என்பார்கள். அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் ஏறாது. தோளுக்குத்தான் தெரியும்.

சின்ன வயதில் யாரும் ரிலீவர், அதாவது பாதியில் வந்து வீசுகிறவர், ஆக ஆசைப்படுவதில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டராகத்தான் பலரும் வருகிறார்கள். அது சரிப்படாமல் பின்வரிசைக்குப் போகிறார்கள். பனாமா மீனவர் மகனான ரிவேராவும் 1995ல் பத்து ஆட்டங்களைத் தொடங்கி நன்றாக அடி வாங்கியவர்தான். 1997ல் சக வீரரோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பந்து கடைசி நொடியில் தானாக விலகியது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் ‘கட்டர்’தான் அப்புறம் பதினாறு ஆண்டுகள் சோறு போட்டது. வருவது தெரிந்தும் அடிக்க முடியாமல் மட்டைகள் முறிந்தன. 2013ல் அவர் விடைபெற்றபோது மினசோட்டா அணி முறிந்த மட்டைகளாலேயே ஆடும் நாற்காலி செய்து கொடுத்தது. எதிரணி பரிசு என்றால் அது பரிசு!

சரி, கூலி எதற்கு? ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்ஸில் சொதப்பினால் மீட்க இன்னும் எட்டு இருக்கிறது. குளோசருக்கு அது கிடையாது. 2001 உலகத் தொடர் (கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்), கடைசியான ஏழாவது ஆட்டம், ஃபீனிக்ஸ், எதிரணி அரிசோனா. யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் ரிவேரா மூன்று பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். ஒன்பதாவதில் இரண்டாம் பேஸுக்கு அவரே எறிந்த பந்து தவறிப்போனது. அப்புறம் ஆட்டம் சமன். கடைசியில் அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலஸின் மட்டையில் அரைகுறையாகப் பட்ட பந்து, உள்ளே நெருங்கி நின்ற யாங்கீஸ் தடுப்பாளர் ஜீட்டரின் தலைக்கு மேலே மிதந்து போய் விழுந்தது. கோப்பை போச்சு. அதுவும் கட்டர்தான். கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ் வீசி 11 ரன்தான் அவர் கணக்கில் ஏறியது. ஆனாலும் அந்த ஒரு பந்தைத்தான் இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள்.

உங்களுக்குக் கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால், ஆறாவது ஏழாவது இன்னிங்ஸில் வருகிறவர்களுக்காகப் படுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து வீசிக் கை களைத்தால், சிறிய லீக்குக்கு அனுப்பிவிட்டுப் புதுக் கையை வரவழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?