இல்லாத மருந்துக்கு யார் கணக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. படித்தவன். நான் படித்த கல்லூரியிலேயே 'தலைமைப் பண்பும் மருத்துவமனை சப்ளை செயினின் எதிர்காலமும்' என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபெஞ்சல் புயலைப் பற்றி நீங்கள் எழுதியபோது மருந்துக்காக அலைந்தவர்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அதனால் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

ஏ.ஐ., ட்ரோன், ரோபோ எல்லாம் வந்த பிறகு எங்கள் வேலை என்னவாகும்? இந்தத் துறையில் தலைமைக்கு வருகிறவனுக்கு எந்தக் குணம் முக்கியம்? படிக்க நல்ல புத்தகம் ஏதாவது சொல்ல முடியுமா?

சொந்த விஷயம் ஒன்று. போன ஆடிட்டில் எங்கள் ஸ்டோரில் காலாவதியான மருந்து கொஞ்சம் பிடிபட்டு எனக்கு மெமோ வந்தது. அதிலிருந்து மெதுவாகப் போகும் சரக்கையெல்லாம் பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். பாம்புக்கடி ஊசி, ஆன்டி-டி (தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாத பிரசவத்தில் தாய்க்குப் போடும் ஊசி) மாதிரி சிலவற்றை வைத்துக்கொள்வதே இல்லை. தேவைப்பட்டால் ஸ்டாக்கிஸ்டிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று. இப்போது எக்ஸ்பைரி பூஜ்யம். நிர்வாகமும் பாராட்டியது. ஆனாலும் மனசு ஏனோ சரியாக இல்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)
புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

மூன்று கேள்விகளை முன்னால் நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசியில் 'சொந்த விஷயம்' என்று ஓரமாக வைத்திருக்கிறீர்கள். வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுவேன். உங்களுடையது தூங்க விடவில்லை.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. தலைமைப் பண்பு பற்றி விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பவற்றில் ஸ்டோர் ரூம் சாவியைத் தொட்ட ஒருவர் எழுதியதாக நான் எதையும் பார்த்ததில்லை. ட்ரோன்? ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோன்தான் மலைகளைத் தாண்டி ரத்தம் கொண்டுபோய்ப் போடுகிறது. அந்த நாட்டுச் சாலைகளுக்கு அது பெரிய காரியம். இங்கே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர். டவுன் பஸ் கண்டக்டரிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினாலே வந்துவிடும், அனுப்புகிற இடத்தில் மருந்து இருந்தால். ரோபோவைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை. ஏ.ஐ.யைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் பூஜ்யத்துக்கு வருவோம். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்த படிப்பில் ஏ.பி.சி., வி.இ.டி. என்று இரண்டு அலசல்கள் வந்திருக்குமே! ஒன்று பணத்தை வைத்து சரக்கைப் பிரிப்பது, இன்னொன்று உயிரை வைத்துப் பிரிப்பது. பாம்புக்கடி ஊசி உங்கள் ஆஸ்பத்திரியின் மொத்தக் கொள்முதலில் எந்த மூலை? பணக்கணக்கில் கடைசி வரிசை. உயிர்க்கணக்கில் முதல் வரிசை. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவர்தானே நீங்கள்? மெமோ வந்த அன்று இரண்டாவது அலசல் மறந்துபோய்விட்டதா? ஆன்டி-டி ஊசியை, ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதையாவது, சரி, ஓடிப்போய் வாங்க அவகாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி விரியன் கடித்தவனுக்கு எடுத்த எடுப்பில் 8 முதல் 10 குப்பி ஏற்ற வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் ஸ்டாக்கிஸ்ட் போனை எடுப்பாரா? எடுத்தாலும் அந்த நேரத்தில் அவரிடம் பத்துக் குப்பி இருக்குமா? இத்தனைக்கும், உலர்பொடியாக வரும் குப்பி குளிர்சாதனப் பெட்டிகூடக் கேட்பதில்லை. அதன் ஆயுள் வருடக்கணக்கில்.

அதை உருவாக்குகிற விஷமே நம் பக்கத்துச் சரக்கு என்பதாவது தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும்போது வடநெம்மேலி வருமே, அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978 முதல் நடக்கிறது. நம் நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக அங்கிருந்துதான் போகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கின் விஷமும் வெளிமாநிலத் தொழிற்சாலைக்குப் போய், குதிரைக்குள் ஏறி, அதன் ரத்தத்திலிருந்து சீரமாகி, பொடியாகி, குப்பியில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. இவ்வளவு தூரம் சுற்றி வந்த பொருளை உங்கள் வாசலில் வைத்து வேண்டாம் என்றிருக்கிறீர்கள்.

இந்தக் கோபத்துக்குச் சொந்தக் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டன. கரண்ட் கிராமங்களுக்கு வர வாரக்கணக்கானது. விழுந்த மரங்களை வெட்டி அடுக்குவதே ஜனங்களுக்கு வேலை. அந்தக் குவியல்களுக்குள் பாம்பு குடியேறியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் என் சித்தப்பா முந்திரிக் கிளையை இழுக்கும்போது கணுக்காலில் விரியன் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. டியூட்டியில் இருந்த சிஸ்டர் நல்ல மனுஷி, அவரே பதறிவிட்டார். "ஊசி தீர்ந்துபோச்சும்மா, லேட் பண்ணாம ஜிப்மருக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். ரோட்டில் பாதி இடங்களில் மரத்தை அறுத்து ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் வழி விட்டிருந்தார்கள். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்குப் போய்ச் சேரும்போது சித்தப்பாவுக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அப்புறம் சிறுநீர் நின்றது, டயாலிசிஸ் நடந்தது. ஜிப்மர் அவரைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதே தோப்பில் புதுக் கன்று வைத்து இன்று காய்ப்பு எடுக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்த முதல் ஆஸ்பத்திரியின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சண்டை போடுகிற மாதிரிதான் பேச்சை ஆரம்பித்தேன். புயலுக்கு முன்பே குப்பிகள் தீர்ந்துவிட்டன, இண்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் பட்டியல்) அனுப்பியிருந்தேன், வந்து சேரவில்லை என்றார். அன்றைக்கு ராத்திரி நாங்கள் வந்ததும், மருந்து இல்லாமல் திரும்பியதும் உங்கள் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "வராத மருந்தை எப்படிம்மா செலவு எழுதறது?" என்றார்.

அந்தப் பதிலை அன்றிலிருந்து தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஸ்டோர் ரெஜிஸ்டரில் வரவு உண்டு, செலவு உண்டு, இருப்பு உண்டு. காலாவதிக்குத் தனிப் பட்டியலே உண்டு, எத்தனை ரூபாய் என்று கடைசிக் காசு வரை. கேட்டுக் கிடைக்காமல் போனதற்கு மட்டும் இடமே கிடையாது. எக்ஸ்பைரியான குப்பி அலமாரியில் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. ஆடிட்டர் கையில் எடுத்துப் பார்க்கலாம். மருந்து இல்லாமல் திரும்பிப் போன ஆள் எந்த அலமாரியிலும் இல்லை. 'ரெஃபர்' என்று ஒரு வார்த்தையோடு அவர் போய்விட்டார். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அது நல்ல காரியம். இனிமேல் கடித்தது கணக்கில் வரும். மருந்து இல்லாமல் திருப்பி அனுப்பியதை எழுத இன்னும் ஒரு கட்டம் வேண்டும்.

நீங்கள் கேட்ட ஏ.ஐ. இங்கேதான் வருகிறது. அடுத்த வருட இண்டென்டை எதை வைத்துப் போடுகிறோம்? போன வருடச் செலவை வைத்து. ஓர் ஆஸ்பத்திரிக்கு மாதம் 10 குப்பி வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 120. ஆறு மாதம் ஸ்டாக் இல்லை. ரெஜிஸ்டரில் வருடச் செலவு 60 என்று நிற்கும். அதன் மேல் பத்து சதவீதம் கூட்டி 66 என்று இண்டென்ட் போகும். ஏழாம் மாதம் ஸ்டோர் காலி. அடுத்த வருடமும் அதே கதை. இதைக் கையால் செய்த குமாஸ்தாவுக்காவது, 'போன மழைக்காலத்தில் ஜனங்கள் அலைந்தார்களே' என்று ஒரு ஞாபகம் இருக்கும், நாலு குப்பி கூட்டிப் போடுவார். இயந்திரத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது. கேட்டவர் எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதவரை, பூஜ்யம் என்றால் யாருக்கும் தேவைப்படவில்லை என்றே அது படித்துக்கொள்ளும். உங்கள் ஆஸ்பத்திரியில் நாளைக்கே கோடி ரூபாய்க்கு மென்பொருள் வாங்கினாலும், போன ஆடிட்டுக்குப் பிறகு நீங்கள் உண்டாக்கி வைத்த பூஜ்யங்களைத்தான் அது தின்னும். பாம்புக்கடி ஊசிக்கு இங்கே கிராக்கியே இல்லை என்று அழகான கிராஃப் போட்டுக் காட்டும். நிர்வாகம் மறுபடி உங்களைப் பாராட்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது அங்கிருந்த பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலைகள் நின்று, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சலைன் பைக்குத் தட்டுப்பாடு வந்தது. உப்புத் தண்ணீருக்கு! பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் அதே நிறுவனத்தின் இன்னோர் ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்த நாட்டின் ஐ.வி. திரவத்தில் சுமார் 60 சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. குடிக்க முடிகிறவர்களுக்கு வாயாலேயே நீர் கொடுங்கள், பையை மிச்சப்படுத்துங்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஸ்டாக் வைப்பதே வீண்செலவு என்று நினைத்தால் இப்படித்தான். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஃபெஞ்சல் நம் தலையில் இறங்கியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. அந்த ராத்திரி உங்கள் ஸ்டாக்கிஸ்டின் வண்டி எந்த ரோட்டில் வந்திருக்கும்?

தலைமை என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து நம் ஊரில் இந்தத் துறையில் நடந்த பெரிய தலைமைக் காரியம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான். 1994இல் தொடங்கினார்கள். பட்டியலைச் சுருக்கி அவசியமான மருந்தை மொத்தமாக வாங்கியது, தரத்துக்கு ஒரு கவர் விலைக்கு ஒரு கவர் என்று டெண்டர் எடுத்தது, மருந்து மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியது, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு கட்டியது எல்லாம் சேர்ந்ததுதான் அது. மேடையில் பேசினால் கொட்டாவி வரும் சமாச்சாரம். அதில் எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் இத்தனை ரூபாய் என்று பாஸ்புக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு, உனக்கு எது வேண்டுமோ கிடங்கிலிருந்து எடுத்துக்கொள் என்றார்கள். மேலே இருந்து தள்ளிவிட்டதை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த கீழே உள்ளவருக்குக் கேட்கும் உரிமை வந்தது. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இந்த வழியில் தங்களுக்கென்று கழகம் வைத்துக்கொண்டன. அந்தப் பாஸ்புக்கிலும் எடுத்தது மட்டும்தான் ஏறும் என்பது வேறு விஷயம். மிச்ச வேலையை உங்கள் தலைமுறை செய்யட்டும் என்று விட்டுவைத்தார்கள் போலிருக்கிறது.

மெமோவைப் பற்றி எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டுக் கடன் இருக்கும், வேலை முக்கியம். வீரம் காட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெமோவுக்குப் பதில் எழுதத் தெரிய வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவப்பு சிலிண்டர் மாட்டியிருப்பார்கள். தீயே பிடிக்காவிட்டாலும் கெடு வந்ததும் காசு கொடுத்து ரீஃபில் செய்கிறார்கள். பயன்படுத்தாமல் வீணாக்கினாய் என்று அதற்காக யாராவது யாருக்காவது மெமோ கொடுத்ததுண்டா? விஷமுறிவு, ஆன்டி-டி மாதிரி உயிர் மருந்துகளைத் தனிப் பட்டியல் போட்டு, இவற்றில் வருடத்துக்கு இவ்வளவு காலாவதியானால் அது இழப்பாகாது, பாதுகாப்புச் செலவு என்று மருந்துக் கமிட்டியில் கையெழுத்து வாங்குங்கள். டாக்டர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆடிட்டருக்குத் தேவை ஒரு தாள்தான்.

வாங்கியதெல்லாம் குப்பைக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஊரில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எக்ஸ்பைரிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, நிறைய ஓடுகிற இடத்துக்கு மாற்றிவிட்டுப் புதுக் குப்பி வாங்க ஸ்டாக்கிஸ்டிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கலாம். பாகூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், இந்த வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் மாவட்டம். பாம்பு இரண்டிலும் போகிறது. இந்தப் பக்கத்து ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஸ்டோருக்குத் தெரியாது. நாலு ஸ்டோர் பார்மசிஸ்டுகளின் போன் நம்பரை வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்க யார் அனுமதியும் வேண்டாம். எதிர்காலத்தைப் பற்றிக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டால் இதைப் பேசுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், எந்த வார்டு, எந்த மருந்து கேட்டார்கள், இல்லை என்று சொன்ன பிறகு என்ன ஆயிற்று. ஐந்தே கட்டம். கேஷுவால்டி சிஸ்டரிடம் கொடுங்கள், அவர்கள்தான் எழுத வேண்டும், நீங்கள் எழுதினால் மறைத்துவிடுவீர்கள். மாதாமாதம் எக்ஸ்பைரி பட்டியலை வைக்கிற அதே மீட்டிங்கில் இதையும் பக்கத்தில் வையுங்கள்.

பாம்புக்கடி ஊசிக்கு இந்த வாரமே ஆர்டர் போடுங்கள், ஐப்பசி பிறக்கிறவரை காத்திருக்க வேண்டாம். குப்பி வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கல்லூரிப் பேச்சைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்