பேய்க்கு மாடிப்படி எதற்கு?

கேள்வி: கொழும்பில் சக்கரநாற்காலியில் இருக்கும் ஒருவர் தன் முதல் குறும்படத்தை இயக்குகிறாராம். இரண்டு பெண்கள் காதலிக்கிற பேய்க்கதையாம். பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு எடுப்பவர் நல்ல குடும்பப் படமாக எடுக்கலாமே? பேய் எதற்கு?
(வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: குடும்பப் படம்தானே வேண்டும்? தமிழ்ப் படத்துப் பேயைவிடக் குடும்பப் பாங்கான ஆளை எனக்குத் தெரியாது. வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ, கால் கொலுசு. செத்த பிறகும் ஏமாற்றினவனையே நினைத்துக்கொண்டு திரியும். பழிவாங்க வந்த இடத்தில் அரை மணித்தியாலம் ஃப்ளாஷ்பேக் சொல்லும், அதற்குள் ஒரு டூயட்டும் பாடும். பேயை நான் பொறுத்துக்கொள்வேன். ஃப்ளாஷ்பேக்கைத்தான் பொறுக்க முடிவதில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை தரம் எழுதினாலும் பேய்கள் திருந்துவதாக இல்லை.

நம் ஊர் மோகினி இதற்கு எவ்வளவோ மேல். இடுப்பில் பிள்ளையோடு ராத்திரி றோட்டில் நின்று, போகிறவனிடம் “இதைக் கொஞ்சம் பிடியுங்கோ” என்று நீட்டுவாள். விஷயம் முடிந்தது. அவளுக்குப் பயந்து ஓடுகிற அதே ஆள்தான் கார்த்திகையில் மாலை போட்டு, மோகினியாய் வந்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்த ஐயப்பனுக்குச் சரணம் சொல்கிறார். அவரிடம் போய் இரண்டு பெண்கள் காதலிக்கிற கதை என்றால் மட்டும், கலாசாரம் என்னாவது என்று கேட்பார்.

பேய்ப்படம் யதார்த்தத்திலிருந்து தப்பித்து ஓடுகிற வேலை என்று நம் விமர்சகத் திலகம் ஒருவர் எழுதுவார். யாரென்று அவருக்குத் தெரியும், கொஞ்ச நாளாக எனக்கு வணக்கம் சொல்வதில்லை. குறும்படம் என்றால் பார்க்க முதலே ‘துணிச்சலான முயற்சி’ என்று எழுதி வைத்துவிடுவார். 1922இல் ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற பேய்ப்படம் எடுத்த முர்னாவும் 1931இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்த ஜேம்ஸ் வேலும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை அவர் காதில் யாராவது போடுங்கள். ஆனால் அந்த வேலின் படத்திலேயே பிணம் தோண்டப் போகிற உதவியாளன் கூனன். நம் படங்களிலும் ஒற்றைக் கண்ணன், காலை இழுத்து நடப்பவன் என்றால் வில்லனின் ஆள்தான். பார்ப்பவரை மிரட்டுவதற்கென்றே கமெராவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் இப்போது பின்னால் வந்திருக்கிறார். எதற்குப் பயப்படுவது என்று இனி அவர் சொல்லட்டும்.

யதார்த்தம்தான் வேண்டும் என்றால் நம் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறதே. 1883இல் வெள்ளைக்காரன் போட்டது. தன்பாலுறவைக் குற்றமாக்கும் அதன் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டும் பிடித்தது. 1995இல் திருத்தப் போனவர்கள் ‘ஆண்’ இருந்த இடத்தில் ‘நபர்’ என்று போட்டுப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். சமத்துவம்! 2023இல் இதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த வருடம் நாடாளுமன்றமே கலைந்தது. இதைவிட நீளமான ஃப்ளாஷ்பேக் எந்தப் பேய்க்கு உண்டு?

சரி, ‘பாவம்’ என்றீர்கள். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது. பழைய கட்டடங்களுக்கு 3 வருட அவகாசம். இங்கே ஒரு மண்டபத்தில் சாய்தளம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம், அவ்வளவு செங்குத்து. அடியில் ஒரு குரோட்டன் சாடி, சாடியை ஒட்டிக் காவலாளியின் மோட்டார் சைக்கிள். படம் காட்டுவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பேய் சுவருக்குள்ளால் போய்விடும். இயக்குநர் என்ன செய்வார்?

இரக்கப்பட வேண்டுமென்றால் அந்த மண்டபத்துக்காரர் மேல் படுங்கள். படம் என்னைப் பயமுறுத்தவில்லை என்றால் அப்படியே எழுதுவேன், முதல் படம் என்று விடமாட்டேன். ஃப்ளாஷ்பேக் இருந்தால் இரண்டு பக்கம் எழுதுவேன். எங்கே திரையிடுகிறார்கள் என்று தெரிந்தால் அறிவியுங்கள். மாடியில் என்றால் நானும் வரமாட்டேன். அந்த ஒழுங்குவிதி என் முழங்காலுக்கும் தேவைப்படுகிற வயது வந்துவிட்டது.